உம்மு ஹானியின் மூன்றாவது பரிசோதனை

மகளைத் திரும்பக் கேட்டு உம்மு ஹானி பழவேற்காடு ஜமாஅத்துக்கு மனு கொடுத்தது 1979ஆம் வருஷம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில். மனுவை எழுதியவன் அவளுடைய அண்ணன் ஜலீல். அவள் போட்டது கையெழுத்து மட்டும். ஐந்து எழுத்துப் பெயர். அதைப் போட்டு முடிப்பதற்குள் ஜலீல் ஒரு பீடியைப் பற்றவைத்துக் குடித்தே முடித்துவிட்டான். கை அவ்வளவு நடுங்கியது.

அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. மகள் பரீதாவுக்கு எட்டு. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பிரிந்த கதையை மறைக்க முடியாது, ஊருக்கே தெரியும். 1977 கோடையில் உம்மு ஹானியின் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. முதலில் ஏரிப் பக்கத்திலிருந்து, படகில் போகிறவர்கள் பேசுவதுபோல. பிறகு வீட்டுக்குள்ளேயே. தண்ணீரில் விஷம் கலந்திருக்கிறது என்றன அவை. ஒரு நாள் காலையில் வீட்டில் இருந்த பானை, குடம், செம்பு எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். உள்ளே குழந்தை. சென்னையில் தோல் மண்டியில் வேலை பார்த்த அவள் புருஷன் அமீர் ஜான் அன்று சாயங்காலம் ஊருக்கு வந்தவன் கதவை உடைத்துத் திறந்தபோது, ஆறு வயதுப் பரீதா உதடு வெடித்து, அழக்கூடத் தெம்பில்லாமல் மூலையில் கிடந்தாள்.

அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய், ஏரிக்கு அந்தப் பக்கம் வடக்கே ஆரம்பாக்கத்தில் இருந்த தன் அக்கா கைருன் பீவியிடம் விட்டான். கைருன் பீவிக்குப் பிள்ளை இல்லை. மறு வருஷம் அமீர் ஜான் தலாக் சொல்லிவிட்டு துபாய்க்குப் போனான். உம்மு ஹானி சென்னையில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் மனநோய் வார்டில் ஏழு மாதம் இருந்தாள். குரல்கள் அடங்கின. பெண்சாதியை இழந்து தனியாக இருந்த ஜலீல் தங்கையைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தான்.

அதன் பிறகு பதினைந்து நாளைக்கு ஒரு ஊசி. அதைப் பொன்னேரியில் ஒரு நர்ஸம்மா வீட்டில் போட்டுக்கொள்ள டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். ஊசியால் வரும் நடுக்கத்துக்குத் தினமும் வெள்ளை மாத்திரை. நடுக்கம் அதிலும் முழுதாக நிற்கவில்லை, வாய்தான் உலர்ந்துபோனது. எதையாவது எடுக்கப் போனால் எதை எடுக்க வந்தோம் என்பது பாதியில் மறந்தது.

ஜமாஅத் தலைவர் கௌஸ் மைதீன் கெட்டவர் இல்லை. மனுவை இரண்டு தடவை படித்தார்.

"பொம்பளப் புள்ள உம்மாகிட்ட இருக்கறதுதான் மொறை. நான் இல்லேன்னு சொல்லல ஜலீல். ஆனா அன்னிக்கு நடந்தது மறுபடி நடந்தா யாரு பதில் சொல்றது? ஊட்ல வேற பொம்பளையும் இல்ல. ஆஸ்பத்திரில புத்தி சரியா கீதுன்னு எழுதிக் குடுக்கட்டும். நானே ஆரம்பாக்கத்துக்கு ஆள் அனுப்பறேன்."

அண்ணனும் தங்கையும் அடுத்த வாரமே பஸ் ஏறிப் பொன்னேரிக்கும், அங்கிருந்து ரயிலில் சென்னைக்கும் போனார்கள். டாக்டர் வரதன், தான் மட்டும் பார்த்து எழுதினால் போதாது, முறையாகப் பரிசோதித்த காகிதம் வேண்டும் என்று சொல்லி, மனோதத்துவப் பரிசோதனை அறைக்கு அனுப்பினார்.

அந்த அறையில் இருந்த கஸ்தூரி படிப்பு முடித்து வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. எதையும் புத்தகத்தில் உள்ளபடி செய்கிறவள். மேஜைமேல் சிவப்பும் வெள்ளையுமாகச் சின்ன மரக்கட்டைகளை வைத்தாள். ஒரு படத்தைக் காட்டி, கட்டைகளை அதேபோல் சேர்க்கச் சொல்லிவிட்டு, கையில் இருந்த நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தினாள்.

எப்படிச் சேர்க்க வேண்டும் என்று உம்மு ஹானிக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. கைதான் போகவில்லை. சேற்றில் அடி புதைந்த படகைத் தள்ளுவதுபோல் ஒவ்வொரு கட்டையாகத் தள்ளினாள். மூன்றாவது கட்டைக்கு வரும்போது நேரம் முடிந்தது. கஸ்தூரி எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாள். நான்கு எண் வரைக்கும் வந்தது. ஐந்தாவது உதிர்ந்துபோனது.

பிறகு மை தெறித்த பத்து அட்டைகள். கஸ்தூரி முதல் அட்டையைக் கொடுத்தாள்.

"இது உங்களுக்கு எதைப்போலத் தெரியுதும்மா?"

"மை."

"மைதான். அந்த மை எதைப்போல இருக்கு?"

உம்மு ஹானி பார்த்தாள். நண்டு ஒன்று தெரிந்தது. காயப்போட்ட வலைகூட இருந்தது, அதில் ஒரு கிழிசல். ஆனால் அவற்றுக்கான வார்த்தைகள் எங்கோ தூரத்தில் இருந்தன. உலர்ந்த நாக்கால் அவ்வளவு தூரம் போய் எடுத்துவர அவளால் ஆகவில்லை.

"மைதாம்மா," என்றாள்.

பத்து அட்டைக்கும் அதேதான். கடைசியில் கஸ்தூரி மகளைப் பற்றிக் கேட்டாள்.

"பரீதா. எட்டு வயசு."

"பார்க்கணும்னு இருக்கா?"

"இருக்கு."

குழம்பில் உப்பு இருக்கிறதா என்று கேட்டவர்களுக்குச் சொல்வதுபோல் சொன்னாள். கண் இமைக்கவில்லை, உதடு அசையவில்லை. மகளைப் பற்றிப் பேசும்போதும் உணர்ச்சி தென்படவில்லை என்று கஸ்தூரி தாளில் எழுதிக்கொண்டாள். மகள் விட்டுப்போன மஞ்சள் கவுனைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டுதான் அவள் இரண்டு வருஷமாகப் படுக்கிறாள் என்பது கஸ்தூரிக்குத் தெரியாது. கேட்டிருந்தால் அதையும் உம்மு ஹானி அதே குரலில்தான் சொல்லியிருப்பாள்.

அறிவுத்திறன் மிகவும் குறைந்திருக்கிறது, நோயினால் மனம் சிதைந்திருக்கிறது, பொறுப்பு எதையும் ஏற்கும் நிலையில் இல்லை. இதுதான் முடிவு. காகிதத்தை வாசித்த கௌஸ் மைதீன் அதை மடித்து ஜலீலிடமே கொடுத்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்பா," என்றார்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கைருன் பீவி பரீதாவை அழைத்துக்கொண்டு பழவேற்காட்டுக்கு வந்தாள். யாரும் சொல்லி வரவில்லை, அவளாகவே தோன்றி வந்தாள். பெற்றவள் ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும் என்று.

உம்மு ஹானிக்கு முதல் நாளே சேதி வந்துவிட்டது. காலையிலிருந்து குளித்து, தலை வாரி, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பரீதா உயரமாகிப்போயிருந்தாள். முன்பல் இரண்டும் புதிதாக முளைத்துப் பெரியதாகத் தெரிந்தன. மாமியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றாள்.

சிரிக்க வேண்டும் என்று உம்மு ஹானி நினைத்தாள். எழுந்து ஓடிப்போய்த் தூக்க வேண்டும்போல் இருந்தது. எழுந்தாள். கால்கள் மெல்ல இழுத்துக்கொண்டு வந்தன, கைகள் பக்கவாட்டில் அசையாமல் தொங்கின, முகம் கழுவி வைத்த சட்டிபோல் இருந்தது. கடைவாயில் எச்சில் வெள்ளையாகக் காய்ந்திருந்ததைக்கூட அவள் அறியவில்லை. பரீதா ஓர் அடி பின்னால் போனாள்.

"பரீதா," என்றாள் உம்மு ஹானி. குரலும் தட்டையாகவே வந்தது.

ஒரு மணி நேரம் இருந்தார்கள். உம்மு ஹானி செய்து வைத்திருந்த ரவைப் பணியாரத்தைக் குழந்தை பாதி தின்றது. பஸ்ஸுக்கு நேரமாகிக் கிளம்பியபோது, தெருவுக்குள் பத்தடி போவதற்குள் குழந்தை கேட்டது. தாழ்ந்த குரல்தான், ஆனாலும் உள்ளே விழுந்தது.

"மாமி, உம்மாவுக்கு என்னப் புடிக்கலியா?"

"அப்பிடில்லாம் சொல்லாதடி," என்றாள் கைருன் பீவி. அவள் குரல் கரகரத்தது. கைருன் பீவி எதற்கும் சட்டென்று அழுதுவிடுகிற மனுஷி.

உம்மு ஹானிக்கு அழுகை வரவில்லை. நிலைப்படியில் நின்றபடி கண்ணை அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். வரவில்லை.

அந்த வாரம் ஊசி நாள். "நானே போயிட்டு வரேன் காக்கா, எனக்குப் பழக்கந்தானே," என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். பொன்னேரியில் இறங்கி, பஸ் நிலையத்திலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தாள். நர்ஸம்மா வீட்டுப் பக்கம் போகவே இல்லை. பதினைந்து நாள் கழித்தும் அதேதான். மாத்திரைகளைக் கொல்லைப்புறத்தில் புதைத்தாள்.

உடனே எதுவும் மாறிவிடவில்லை. தை பாதியில் வாய் ஈரமானது. அரிசி புடைக்கும்போது கை தன்பாட்டுக்கு ஓடியது, அவள் முறத்தை நிறுத்திக் கையையே பார்த்தாள். மாசியில் ஒரு நாள், நண்டு விரலைக் கவ்வியதற்காகத் தன் கூட்டாளி படகிலிருந்தே குதித்துவிட்ட கதையை ஜலீல் சொன்னான். உம்மு ஹானி வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, முந்தானையை வாயில் வைத்து அடக்க வேண்டியிருந்தது. தங்கை சிரித்து மூன்று வருஷமாகியிருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜலீல் தட்டோடு எழுந்து நின்றுவிட்டான்.

"அல்லாவே! ஊசி இப்பத்தான் புடிச்சிருக்கு போலக் கீது," என்றான் சந்தோஷமாக.

அவள் எழுந்து அவனுக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள். அன்றைக்கு மஞ்சள் கவுனை எடுத்து முகர்ந்தபோது அழுகை வந்தது. பசித்தவள் சோற்றைப் பார்த்ததுபோல் அந்த அழுகையை ஆசையோடு அழுதாள்.

பங்குனியில் இரண்டாவது பரிசோதனைக்குப் போனார்கள். ஜலீலை வெளியே உட்காரவைத்துவிட்டுக் கஸ்தூரி அவளை உள்ளே அழைத்தாள். நடந்து வந்தவளைப் பார்த்ததுமே வியப்பு. கை வீசி நடக்கிறாள், "நல்லா கீறியாம்மா?" என்று கேட்கிறாள், மூக்குத்தி மின்னச் சிரிக்கிறாள். கட்டைகளைச் சடசடவென்று சேர்த்தாள். போன தடவை ஒன்றுகூட முடிக்காதவள் இந்தத் தடவை ஒன்பது படங்களில் எட்டை நேரத்துக்குள் முடித்தாள். எண்களில் ஏழு வரைக்கும் போனாள். கஸ்தூரிக்கே கொண்டாட்டமாகிவிட்டது.

மை அட்டையை நீட்டினாள்.

"நண்டு. இதோ கொடுக்கு, இதோ வயிறு. ஓரத்துல வலை காயுது, கிழிஞ்ச வலை." அடுத்த அட்டை. "ரெண்டு பொம்பளைங்க வலை இழுக்குறாங்க. வலைக்குள்ள மீன் இல்ல. மூஞ்சிங்க கீது." அடுத்தது. "இவங்க என்னப் பத்திப் பேசறாங்க." கஸ்தூரி எழுதிக்கொண்டே வந்தாள். ஒவ்வோர் அட்டைக்கும் உம்மு ஹானியின் பேச்சு வேகமாகிக்கொண்டே போனது. ஏழாவது அட்டையை இரண்டு கையாலும் வாங்கியவள் பேச்சை நிறுத்தினாள்.

"இது பரீதா. வாய் அசையுது பாருங்க. தண்ணி கேக்குறா." தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள். "உங்களுக்குக் கேக்கலியாம்மா?"

கஸ்தூரியின் பேனா நின்றது. மெதுவாகக் கேட்டாள்.

"ஊசி போட்டுக்கிட்டு எவ்வளவு நாளாச்சு?"

உம்மு ஹானி அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். கண்ணீர் தாரையாக வழிந்தது.

"ஊசி போட்டா என் மூஞ்சி செத்துடுதும்மா. எம் பொண்ணு என்னப் பாத்துப் பயந்து பின்னால போவுது. எனக்கு அவள எவ்ளோ புடிக்கும்னு எப்பிடி அவளுக்குத் தெரியும்? நீங்களே சொல்லுங்க, போன தடவ உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

கஸ்தூரி பேனாவை மூடி வைத்தாள். "இங்கயே இருங்க, டாக்டர்கிட்ட பேசிட்டு வந்துடறேன்," என்று எழுந்து போனாள். டாக்டர் வரதனோடு திரும்பி வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. ஏழாவது அட்டையும் இல்லை. ஜலீல் டீ குடிக்கப் போயிருந்த நேரம்.

அவன் சென்ட்ரலில் தேடி, பொன்னேரியில் தேடி, சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். ஊசியை அவள் நிறுத்திய சேதியை அவனுக்கு டாக்டர் சொல்லியிருந்தார். உடனே கொண்டுவந்து சேர்க்கவும் சொல்லியிருந்தார். அவன் அதட்டவில்லை. காலையில் முதல் பஸ்ஸுக்கு அழைத்துப்போகலாம், துணைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களை வரச் சொல்லலாம் என்று நினைத்தான். விடிந்ததும் அவர்களைக் கேட்கப் போய்த் திரும்புவதற்குள் உம்மு ஹானி வீட்டில் இல்லை. குடிதண்ணீர் வைத்திருந்த பித்தளைக் குடத்தையும் காணவில்லை.

தோணிரேவு கிராமத்துக்குக் கிழக்கே, இடுப்பளவுத் தண்ணீரில், முனியம்மாளும் இன்னும் நான்கு பெண்களும் கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். குனிந்து, அடிச் சேற்றைக் கையால் துழாவி, அகப்பட்டதைக் கழுத்தில் தொங்கும் ஓலைக்கூடையில் போடும் வேலை. முதுகு வலிக்க நிமிர்ந்த முனியம்மாள்தான் முதலில் பார்த்தாள். வெள்ளைத் துப்பட்டி போட்ட ஒரு பெண் ஏரிக்குள் வடக்கு நோக்கி நடந்து போகிறாள். தண்ணீர் தொடைக்கு மேல் வந்துவிட்டது. இடுப்பில் பித்தளைக் குடம்.

"யம்மா! ஏ அம்மா! எங்க போற? அந்தாண்ட கால்வா ஓடுது, ஆழம்!"

பெண் நிற்கவில்லை. முனியம்மாள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய் வழியை மறித்தாள்.

"எம் பொண்ணு தண்ணி கேக்குறா," என்றாள் உம்மு ஹானி. "ஆரம்பாக்கத்துல கீறா. அவங்க குடுக்கற தண்ணிய நம்ப முடியாது. இது நல்ல தண்ணி, நானே வடிகட்டினேன்."

முனியம்மாள் குடத்தைப் பார்த்தாள், அந்த முகத்தைப் பார்த்தாள். சுற்றிலும் உப்புத் தண்ணீர், நடுவில் ஒரு குடம் நல்ல தண்ணீர். அவள் விவாதிக்கவில்லை.

"எத்தினி வயசு உம் பொண்ணுக்கு?"

"எட்டு முடிஞ்சி ஒம்போது."

"ஆரம்பாக்கம் இப்பிடிப் போனா வராதும்மா. பாதியிலயே சேறு இழுத்துடும், அப்பறம் தண்ணிய யாரு குடுக்கறது? கரைக்கு வா. பஸ்ஸுல ஏத்தி உடறேன். கொடத்த குடு, நான் தூக்கறேன்."

குடத்தை அவள் கொடுக்கவில்லை. கையை மட்டும் கொடுத்தாள். முனியம்மாள் அந்தக் கையை விடாமல், அன்றைய பிழைப்பைப் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் மெல்ல நடத்திக் கரைக்குக் கொண்டுவந்தாள். வழி முழுக்க மகளைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள். என்ன படிக்கிறாள், யார் ஜாடை, எது பிடிக்கும் என்று. கரையில் ஜலீல் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

இரண்டு மாதம் மறுபடியும் ஆஸ்பத்திரி. மறுபடியும் ஊசி. குரல்கள் போயின, கூடவே முகமும் போனது. கஸ்தூரி தினமும் வார்டுக்கு வந்து கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு நாள் உம்மு ஹானி கட்டிலுக்கு அடியில் இருந்த தன் துணிப்பையிலிருந்து ஏழாவது அட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தாள்.

கஸ்தூரி இரண்டு பரிசோதனைத் தாள்களையும் எடுத்துக்கொண்டு டாக்டர் வரதனிடம் போனாள்.

"சார், முதல் தடவை நான் அளந்தது ஊசியைத்தான். அவங்களை இல்லை. கை நடுங்குறவங்க முன்னாடி கடிகாரத்தை வெச்சிட்டு, புத்தி குறைஞ்சிடுச்சுன்னு எழுதிட்டேன். என்ன மருந்து, எவ்வளவு, கடைசியா எப்போ போட்டதுன்னு ஒரு வரி எழுதலை. முகம் அசையாததுக்கு மனசுல ஒண்ணுமில்லைன்னு அர்த்தம் பண்ணிட்டேன்."

"ரெண்டாவது தடவை?" என்று கேட்டார் வரதன்.

"ரெண்டாவது தடவை அளந்தது நோயை."

அவர் தாள்களைப் புரட்டினார். "அப்போ அந்த அம்மாவை எப்போம்மா அளக்கப்போறே?" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை.

மருந்தைச் சட்டென்று குறைக்க அவருக்குத் தைரியம் இல்லை, அது நியாயமும்கூட. பாதிக்கும் கொஞ்சம் மேலே, பிறகு பாதி, நடுக்கத்துக்கான மாத்திரையும் அதற்கேற்பக் குறைவு என்று மாதக்கணக்கில் நிதானமாக இறக்கினார். ஒவ்வொரு படியிலும் தூக்கம் எப்படி, காதில் ஏதாவது கேட்கிறதா என்று கேட்டார். ஒரு தடவை கேட்டது. அரைப்படி ஏற்றினார். உம்மு ஹானி எதையும் மறைக்கவில்லை. மறைத்தால் என்ன ஆகும் என்பதை அவள் ஏரித் தண்ணீரில் நின்று பார்த்திருந்தாள்.

அடுத்த மார்கழியில் மூன்றாவது பரிசோதனை. கஸ்தூரி, ஊசி போட்டு எத்தனை நாள் என்று கணக்குப் பார்த்து நாள் குறித்தாள். முதலில் மருந்தின் பெயரையும் அளவையும் தாளின் தலையில் எழுதினாள். கடிகாரம் ஓடியது, ஆனால் நேரம் முடிந்தபின்னும் நிறுத்தச் சொல்லவில்லை. உம்மு ஹானி ஒன்பது கட்டைப் படங்களில் ஏழைச் சரியாகச் சேர்த்தாள். நேரம்தான் ஒன்றரைப் பங்கு பிடித்தது. அட்டைகளில் நண்டு வந்தது, வலை வந்தது, பறக்கிற நாரை வந்தது. எந்த அட்டையும் பேசவில்லை. ஒன்பதாவதை ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்க ஜமாஅத் தலைவரு தாடி," என்றாள்.

கஸ்தூரி சிரித்துவிட்டாள். உம்மு ஹானியின் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் கண்ணுக்குக் கீழே ஏதோ லேசாக அசைந்ததைக் கஸ்தூரி பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக் காகிதத்தோடு ஜமாஅத்துக்கென்று தமிழில் தனியாக ஒரு கடிதமும் வந்தது. டாக்டரும் கஸ்தூரியும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கௌஸ் மைதீன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எல்லோரும் கேட்கப் படித்தார்.

"இவருடைய புத்தி தெளிவாக இருக்கிறது. கை மெதுவாக வேலை செய்வதும், சிரிப்போ அழுகையோ முகத்தில் எளிதில் தெரியாததும் மருந்தினால் ஆனவை. அதை வைத்து இவருக்குப் பாசம் இல்லை என்று யாரும் முடிவு செய்யக் கூடாது. நாங்கள் முதலில் அப்படி முடிவு செய்தது தவறு. மருந்தை நிறுத்தினால் முகம் திரும்பும், மனம் கெடும். ஆகவே மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொள்வதை யாராவது கவனித்துக்கொண்டால், மகளை வளர்க்க இவர் தகுதியானவர்."

அவர் கடிதத்தை இறக்கி வைத்தார். "அப்போ, சரியா இருக்கறப்போ பாத்தா சரியா இல்லாத மாதிரி தெரிவா. சரியில்லாதப்போ நல்லா இருக்கற மாதிரி தெரிவா. அதானே ஜலீல்?"

"அதாங்க."

"ஊசிக்கு நீதான் கூடப் போவணும். தனியா அனுப்பக் கூடாது."

"சத்தியமா."

1981 கோடை விடுமுறைக்குப் பரீதா வந்தாள். முதல் வாரம் மாமாவின் பின்னாலேயே சுற்றினாள். இரண்டாவது வாரத்தில் ஒரு மத்தியானம், உம்மு ஹானி இறால் உரித்துக்கொண்டிருந்தபோது, எதிரில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு ஏன் எனக்குத் தண்ணி குடுக்கல?"

உம்மு ஹானி இறாலைக் கீழே வைத்தாள்.

"தண்ணில விஷம் கீதுன்னு என் காதுல யாரோ சொன்னாங்க. நான் நம்பிட்டேன். உன்னக் காப்பாத்தறேன்னு நெனச்சேன்மா. அது சீக்குன்னு எனக்குத் தெரியல."

"இப்ப சொல்றாங்களா?"

"இல்ல. எப்பனா சொன்னா உடனே மாமாகிட்ட சொல்லிடுவேன். நீயும் சொல்லு."

பரீதா குனிந்து அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். "நீ ஏன் சிரிக்கவே மாட்டேன்ற?"

"சிரிக்கிறேனே. மருந்து சாப்புடறதால வெளிய தெரியாது. சிரிச்சா நான் சொல்றேன்."

அதிலிருந்து அது இருவருக்குள்ளும் ஒரு விளையாட்டாகிவிட்டது. "உம்மா, இப்ப சிரிக்கிறியா?" என்று பரீதா நினைத்தபோதெல்லாம் கேட்பாள். "ஆமா," என்பாள் உம்மு ஹானி. சில நேரம், "இல்ல, இப்ப கோவம்," என்பாள்.

பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் கைருன் பீவி குழந்தையின் தகரப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். இனிமேல் பரீதா பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் என்று முடிவாகியிருந்தது. பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பியவள் தெருவிலேயே உடைந்துபோனாள். நான்கு வருஷம் வளர்த்த பிள்ளை. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்தார்கள். உம்மு ஹானி அசையாத முகத்தோடு நின்றுகொண்டிருந்தாள். "இவளுக்கு இன்னா கல்லு நெஞ்சா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அங்கே இருந்தவர்களில் கைருன் பீவியின் நெஞ்சில் என்ன நடக்கிறது என்று அணு அணுவாகத் தெரிந்தவள் உம்மு ஹானி ஒருத்திதான். குழந்தை இல்லாத வீட்டுக்குப் போய்க் கதவைத் திறப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மெல்ல நடந்துபோய் நாத்தனாரின் தோளைத் தொட்டாள்.

"மச்சி, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வாங்க. பொழுதோட வந்துட்டு மெதுவாப் போலாம்."

கைருன் பீவி நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் படிக்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் தலையாட்டினாள்.

வாராவாரம் வர முடியவில்லை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வந்தாள். முதல் சில தடவை இருவருக்கும் பேச்சு ஓடவில்லை. ஒருத்தி பரீதாவின் தலையில் பேன் பார்ப்பாள், மற்றவள் அடுப்பில் வேலையாக இருப்பாள். ரம்ஜான் கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை, பரீதா விளையாடப் போயிருந்தபோது, உம்மு ஹானி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து நாத்தனாருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"மச்சி, அவளுக்கு மொத பல்லு எப்ப உழுந்துச்சி?"

கைருன் பீவி சீப்பிலிருந்த முடியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அது அப்படியே விரலில் நின்றது.

"அவள அங்க கொண்டாந்த மூணாம் மாசம். ரவ்வுண்டு பிஸ்கட்டு கடிச்சா, அதுலயே வந்துடுச்சி. ரத்தத்தப் பாத்துட்டு ஒரே அழுகை. உம்மா வேணும், உம்மா வேணும்னு."

"என்னயா கேட்டா?"

"உன்னத்தான். ரெண்டு நாளு கேட்டா. கூரை மேல பல்லத் தூக்கிப் போட்டா உம்மா வருவாங்கன்னு நாந்தான் பொய் சொன்னேன்." கைருன் பீவிக்குக் கண் கலங்கிவிட்டது. "போட்டா. மூணு தடவ போட்டா, மூணு தடவையும் கீழயே வந்து உழுந்துச்சி. நாலாவது தடவ நின்னுடுச்சி."

உம்மு ஹானி முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் சோறு கொதி அடங்கியது. கைருன் பீவி மூக்கைத் துடைத்துக்கொண்டாள், இன்னும் என்ன சொல்வது என்பதுபோல் பார்த்தாள்.

"அப்புறம்?" என்றாள் உம்மு ஹானி.

"அப்புறம் அந்த ஐப்பசில அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சி," என்று கைருன் பீவி தொடங்கினாள்.